பிடிக்கக்கூடாத படகு

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்றைய படப்பிடிப்பில் மூன்று தடவையும் படகைப் பிடித்துவிட்டேன். கதைப்படி என் மகள் ஏறிப்போகும் அந்தப் படகை நான் தவறவிட வேண்டும். மேடை நாடகங்களில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் ஓடத் தொடங்கினால், எனக்குள் இருக்கும் பழைய நானூறு மீற்றர் ஓட்டக்காரன் எழும்பிவிடுகிறான். கடைசி அடியில் நெஞ்சு தானாக முன்னே பாய்கிறது.

"அண்ணை, படகை விடுங்கோ எண்டெல்லோ சொன்னனான்! நாளைக்கும் பிடிச்சியளெண்டால் வேற ஆளைத்தான் போடவேணும்," என்று இயக்குநர் கத்தினார்.

"நாளைக்கு விடுவன், தம்பி," என்றேன்.

விடத் தெரியாதவனா நான்? மாகாணப் போட்டியில் முழங்கால் பிசகி விழுந்து, மற்றவர்கள் எல்லைக்கோட்டைக் கடப்பதைத் தரையில் கிடந்தபடி பார்த்தவன். பிறகு ஒருவரும் காணாதபடி கைகளால் முகத்தை மூடிக்கொண்டேன்.

நாளை, படகு போனபின், கமராவுக்கு முன்னால், அந்தக் கைகளை முகத்திலிருந்து எடுப்பேன்.