எந்தக் கம்பி என்று கேட்டீர்களாமே

என் அன்புக்குரிய சாமுவேல் அப்பாவுக்கு,

முதலில் பிள்ளைகளின் சேதி. மகள் வீட்டுப் பெரியவன் டேனியலுக்கு விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. சிபாரிசுக்கு யார் வாசலிலும் போய் நிற்கவில்லை, அவன் வாங்கிய மார்க்குக்கே கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அவன் தங்கை கபடியில் மாவட்ட அணிக்குப் போயிருக்கிறாள். முட்டியெல்லாம் தோல் உரிந்து வந்து நிற்கிறாள், அதையும் பெருமையாகக் காட்டுகிறாள். நம் சாமுவேல் மகள் ரூத், பைபிள் வசனம் ஒப்பிக்கும் போட்டியில் தஞ்சாவூர் வரைக்கும் போய் முதல் பரிசு வாங்கி வந்தாள். பிளாஸ்டிக் கோப்பைதான், ஆனாலும் டிவிக்கு மேலே வைத்திருக்கிறேன். இந்த வருஷம் ஆறாவது போகிறாள். நான் ஐந்தோடு நின்றேன், அவள் தாண்டிவிட்டாள்.

நல்ல சேதி அவ்வளவுதான். மீதியை உங்களிடம் தனியாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் சபை முன்னால்தானே பேசினீர்கள்? நானும் நம் சபைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

அன்றைக்கு இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், சம்பா கதிர் பிடிக்கும் நேரம். விடியற்காலை தண்ணீர் திருப்பப் போன நம் மகன் சாமுவேல், பக்கத்து வயல் ஞானமுத்துவின் மோட்டார் கொட்டகை ஓரமாகச் செத்துக் கிடந்தான். பழுதான சுவிட்சுப் பெட்டியைத் தொட்டுவிட்டான், கரண்ட் அடித்துவிட்டது என்றார்கள். அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில் நீங்கள் எழுந்தீர்கள். ஞானமுத்துவை முன்னே கூப்பிட்டீர்கள். "பெட்டிய ரிப்பேர் பண்ணாம விட்டது தப்புதான். நான் மன்னிச்சுட்டேன்" என்று கட்டிப் பிடித்தீர்கள். அவன் வாய் திறக்கவில்லை. திறக்க நீங்கள் விடவில்லை. கோயிலே அழுதது.

பெண்கள் பக்கத்தில் நான் இருந்தேன். நாலு வயது ரூத்தை மடியில் வைத்துக்கொண்டு மருமகள் இருந்தாள். எங்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தீர்களா?

அடக்கத்துக்கு முன்னால் நம் மகனின் காலைத் துடைத்துவிட்டவள் நான். பெட்டியைத் தொட்டவனுக்குக் கையில்தானே காயம் இருக்க வேண்டும்? கையில் ஒன்றுமில்லை. இரண்டு காலிலும் கணுக்காலுக்கு மேலே கறுப்பாக ஒரு கோடு. உங்களிடம் சொன்னேன். "விடு, போனவன் வரப்போறானா" என்றீர்கள். விட்டேன். மூன்று வருஷம் கழித்து நீங்களும் போய்விட்டீர்கள்.

நீங்கள் போனாலும் உங்கள் கதை போகவில்லை. மே மாதம் வி.பி.எஸ்., அதுதான் லீவு வேதாகமப் பள்ளி, வந்தால் பிள்ளைகளுக்கு மன்னிப்புப் பாடம் நம் வீட்டுக் கதைதான். இந்த வருஷம் நாடகமாகவே போடலாம் என்று ஸ்டெல்லா டீச்சர் முடிவு செய்துவிட்டாள். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். ஒத்திகை அன்று பிள்ளைகளுக்குச் சுண்டல் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஒரு பையனுக்குத் தோளில் துண்டு போட்டு நீங்கள் என்றார்கள். இன்னொரு பையன் ஞானமுத்து.

ரூத் எழுந்து நின்றாள். "மிஸ், எங்க அப்பா யாரு?"

"அப்பாவுக்கு வேஷம் இல்லம்மா. அப்பா செத்தப்புறம்தானே கதையே ஆரம்பிக்குது."

"சும்மா படுத்துக் கெடந்தா போதும்டி" என்று பின்னாலிருந்து ஒரு வாண்டு சிரித்தது.

"அப்ப நான் படுத்துக்கிறேன் மிஸ்" என்று சொல்லி, போய் நடுவில் சிமெண்டுத் தரையில் படுத்துவிட்டாள். உங்கள் வேஷம் போட்ட பையன், அவளைத் தாண்டித்தான் மற்றவனைக் கட்டிப் பிடிக்கப் போக வேண்டும். தாண்டத் தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தச் சின்னப் பையனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையே.

வீட்டுக்கு வந்து கேட்டாள். "தாத்தா மன்னிச்சாச்சுன்னா, நானும் மன்னிச்ச மாதிரிதானா அப்பாயி?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், ஏன் இல்லை என்று சொல்ல எனக்கு உண்மை தெரிய வேண்டும். முகம் கழுவிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஞானமுத்து வீட்டுக்குப் போனேன்.

"வாங்க அண்ணி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்கார வரல தம்பி. சாமுவேல் காலுல ஒரு கோடு இருந்துச்சு. அது எப்படி வந்துச்சுன்னு இந்தப் புள்ளகிட்ட சொல்லு."

"அதெல்லாம் அண்ணன் அன்னைக்கே முடிச்சு வெச்சுட்டாரே அண்ணி."

"அண்ணன் முடிச்சாரு. நான் முடிக்கல."

ரூத் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான். எலி கதிரை வெட்டுகிறது என்று வரப்பு நெடுகக் கம்பி இழுத்து, கொட்டகையிலிருந்து கரண்ட் கொடுத்திருந்தானாம். விடிவதற்குள் நிறுத்த வேண்டும், அசந்து தூங்கிவிட்டான். ஓடிப்போய்ப் பார்த்தால் சாமுவேல் கிடக்கிறான். கரண்டை நிறுத்தினான், கம்பியைச் சுருட்டினான், வைக்கோலுக்குள் சொருகினான். அதற்கப்புறம்தான் கூப்பாடு போட்டிருக்கிறான்.

ரூத் கேட்டாள். "நீங்க கம்பி சுருட்டும்போது எங்க அப்பாவுக்கு உயிர் இருந்துச்சா?"

"தெரியலம்மா. நான் கம்பியத்தான் பாத்தேன், ஒங்கப்பன பாக்கல. பாத்திருக்கணும்." என் பக்கம் திரும்பினான். "அண்ணன்கிட்ட சனிக்கிழமையே எல்லாத்தையும் சொல்லிட்டேன் அண்ணி. ஸ்டேஷனுக்குப் போறேன்னு சொன்னேன். 'எந்தக் கம்பி'ன்னு கேட்டாரு. 'போன போகத்துக்கு ஒங்க வயல்ல எலிக்கு நீங்க கட்டுனதுதான், நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க'ன்னேன். அப்புறம், 'பெட்டின்னே இருக்கட்டும். நாளைக்குக் கோயிலுக்கு வா'ன்னுட்டாரு."

எந்தக் கம்பி என்று கேட்டீர்களாமே.

அதைக் கேட்டபோது உங்கள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுத்த நிமிஷமே கோபம் வந்துவிட்டது. மறுநாள் அவனைக் கட்டிப் பிடித்தது அவனை மன்னிக்கவா, அவன் வாயை மூடவா? வாசலில் ஆளாளுக்கு உங்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களே, அப்போது என்ன நினைத்தீர்கள்? மூன்று வருஷம் என் கையால் சாப்பிட்டீர்களே, ஒரு வாய் சோற்றுக்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் சொல்லியிருக்கக் கூடாதா? அதற்கு முந்தின போகத்தில் நம் வயலில் நீங்கள் அந்தக் கம்பியை இழுத்தபோது மறுமுனையைப் பிடித்தவள் நான். என்னிடம் சொல்லியிருந்தால் உங்களை ஏசியிருப்பேன், அடித்திருப்பேன், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். நீங்கள் தனியாக அழுதீர்கள். என்னையும் தனியாக அழவிட்டீர்கள்.

திரும்பி வரும் வழியில் ரூத், "இப்ப யார மன்னிக்கணும் அப்பாயி?" என்றாள்.

"இன்னைக்கு யாரையும் வேணாம். வா, போயி சாப்புடுவோம்" என்றேன். இத்தனை வருஷத்தில் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்ததில் அது ஒன்றுதான் பொய் கலக்காதது.

மருமகளிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "அவரு இப்பவாச்சும் சொன்னாரே அத்தை" என்றாள். பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்று ஞானமுத்துவிடம் கேட்டேன். "எழுதுங்க அண்ணி, என்ன வந்தாலும் வரட்டும்" என்றான்.

நாடகத்தை நிறுத்தச் சொன்னதும் போதகர் வீட்டுக்கு வந்தார். "பிள்ளைங்களுக்கு இவ்வளவும் தெரியணுமாம்மா?" என்றார்.

"மன்னிக்கச் சொல்லிக் குடுக்குறீங்களேய்யா, எதை மன்னிக்கணும்னு சொல்ல வேணாமா?" என்றேன். காப்பியைக் குடித்துவிட்டு ஜெபம் பண்ணாமல் போனார். அவர் ஜெபம் பண்ணாமல் எழுந்து போனது அதுதான் முதல் தடவை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. பரமண்டல ஜெபத்தில் 'நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்று சொல்லும் இடம் வரும்போது ஆறு வருஷமாக நான் வாயை மூடிக்கொள்வேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்ற ரூத்தைப் பார்த்தேன். அதே இடத்தில் அவளும் வாயை மூடிக்கொண்டாள். எத்தனை நாளாக மூடுகிறாளோ. நான் வாய் திறந்து சொல்லிக்கொடுத்தது எதுவும் ஒட்டவில்லை, மூடிக்கொண்டது ஒட்டிக்கொண்டது.

ஞானமுத்து நடந்ததைச் சொல்லிவிட்டான், பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அவனை நினைத்து அந்த வரியை என்னால் சொல்லிவிட முடியும் போலிருக்கிறது. உங்களை நினைத்தால் நாக்கு எழவில்லை.

ஞாயிறு பள்ளிச் சுவரில் உங்கள் படம் மட்டும் தொங்குகிறது. போதகருக்கும் சபையாருக்கும் ஒரு விண்ணப்பம்: பக்கத்தில் சாமுவேல் படத்தையும் மாட்ட வேண்டும். பழையது வேண்டாம். ரூத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் சிரிக்கிற படம் மருமகள் போனில் இருக்கிறது. அதைப் புதிதாகப் பிரிண்ட் போட்டுத் தருகிறேன்.

உங்களுக்கும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் அந்த இடம் வரும்போது வாயை மூட மாட்டேன். "ஆண்டவரே, இன்னும் முடியல" என்று ரூத் காதில் விழும்படி சத்தமாகச் சொல்வேன். முடிகிற ஞாயிறு ஒன்று வந்தால் ஆராதனை முடிந்ததும் நேரே கல்லறைக்கு வந்து உங்கள் முன்னால் நின்று சொல்வேன். யாரையும் துணைக்கு அழைத்து வர மாட்டேன், யாரையும் பார்க்க வைக்க மாட்டேன். அதுவரைக்கும் பூ வராது, காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
சாமுவேலைப் பெற்றவள்.