பரணிக்கு நேரே ஒரு பெயர்

கிழக்குத் தாம்பரம்
8 பிப்ரவரி 2009

அன்புள்ள அபிதா அக்கா,

முடித்துவிட்டேன்! ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் இருநூற்றுப் பதினான்கு அட்டைகள். ஏசுபாதம் அண்ணன் தன் டெலிபோன் பூத்தில் உட்கார்ந்தபடியே உங்கள் பிரெய்ல் அட்டைகளைத் தடவித் தடவிப் படித்தார், நான் லேப்டாப்பில் அடித்தேன். ஒரு பக்கம் பார்வையற்ற மாணவர்கள், எதிர்ப்பக்கம் அவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருபவர்கள். பதினொரு வருடமாக உங்கள் விரல்களில் மட்டும் இருந்த நம் சங்கம் இப்போது இணையத்தில் ஒரு பட்டியல். வங்கி உங்களை மதுரைக்கு மாற்றிவிட்டால்தான் என்ன? நான் இங்கே ஒரு பெயர் சேர்த்தால் அடுத்த நிமிடம் அது உங்களிடமும் இருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் இதைக் 'கிளவுட்' என்கிறார்கள். அண்ணனிடம் சொன்னேன். "மேகத்துலயா வெச்சிக்கீற? மழ பேஞ்சா பேரெல்லாம் அனகாபுத்தூர்ல வுழுந்து கெடக்கப் போவுது. யாரு போய் பொறுக்கறது?" என்றார். போன் பேச வந்தவர் பேசுவதை விட்டுவிட்டுச் சிரித்தார்.

வேலை பழையபடிதான். யார் வருவார், யார் வரமாட்டார் என்று நான் கேட்டுக் குறிக்கிறேன். ஆள் இல்லாத மாணவருக்கு நீங்கள் போனிலேயே ஆள் பிடியுங்கள். உங்கள் குரலுக்கு யாரும் மறுப்பதில்லை. எங்கே ஆள் இல்லை என்பது திறந்ததுமே பளிச்சென்று தெரியும்படி செய்திருக்கிறேன். எப்படி என்று சொல்லமாட்டேன், நீங்களே பாருங்கள்!

இந்தக் கடிதத்தை நானே பிரெய்லில் குத்தி எழுதினேன். விரல் வீங்கிவிட்டது.

உங்கள்
சரிதா


மதுரை
21 பிப்ரவரி 2009

அன்பு சரிதா,

உன் கடிதத்தில் ஒன்பது பிழைகள். நீ புள்ளிகளைத் தொடாமல் கண்ணால் பார்த்துப் படிப்பதாகவும் ஏசுபாதம் கோள் மூட்டினார். திருட்டுப் பெண்ணே.

மதிய இடைவேளையில் பட்டியலைத் திறந்தேன். நேரே திறந்தால் என் பேசும் மென்பொருள் ஊமையாகிவிடுகிறது. கணினியில் இறக்கிக்கொண்டால் கடகடவென்று படிக்கிறது. குன்றத்தூரை அது உச்சரித்த அழகைக் கேட்டு, பக்கத்து மேஜை சம்பத் சார், "மேடம், யாரையோ திட்டுதா?" என்றார். இல்லை சார், எங்க ஊர்ப் பசங்களைக் கூப்பிடுது என்றேன். டெலிபோன் ஆபரேட்டராக நாள் முழுக்க அடுத்தவர் பேச்சை இணைத்துக்கொண்டிருக்கிறேன். இது எனக்கான இணைப்பு.

முப்பத்தெட்டு மாணவர்களுக்கும் நேரே ஒரு பெயர் இருக்கிறது! வழக்கமாகத் தேர்வுக்கு முந்தின நாள் எல்லோரையும் போனில் நச்சரித்து உறுதி செய்வேன் அல்லவா, இந்த வருடம் அவர்கள் பிழைத்தார்கள்.

ஒரே குறை, நான் கூப்பிடும்போதெல்லாம் நீ மீட்டிங்கில் இருக்கிறாய்.

அன்புடன்
அபிதா


மதுரை
17 ஏப்ரல் 2009

சரிதா,

நேற்று பரணிக்குப் பட்டப் படிப்பின் கடைசித் தாள், வரலாறு. எழுத யாரும் வரவில்லை. ஒரு மணி நேரம் கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். பிறகு வெளியே அனுப்பிவிட்டார்கள். "செருப்பு சத்தம் கேக்கறப்பல்லாம் எழுந்து எழுந்து நின்னேன்க்கா" என்று போனில் அழுதாள். அவள் பி.எட். சேர்வது இந்த ஒரு தாளில்தான் நிற்கிறது என்பது உனக்குத் தெரியும்.

அவளுக்கு எழுத வேண்டிய ஸ்ரீரங்கனைக் கூப்பிட்டேன். "போன மாசமே சரிதாக்கா கிட்ட சொல்லிட்டேனே மேடம். எனக்கும் அன்னிக்கு என்ட்ரன்ஸ். சரி, உன் பேர்ல சிவப்பு போட்டுடறேன்னாங்க" என்றான்.

முந்தாநாளும் பட்டியலைக் கேட்டேன். பரணி, ஸ்ரீரங்கன் என்றுதான் படித்தது. சிவப்பு என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

பதினொரு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. என் அட்டைகளைத் திருப்பி அனுப்பு.

அபிதகுஜாம்பாள்


கிழக்குத் தாம்பரம்
26 ஏப்ரல் 2009

அன்புள்ள அக்கா,

அட்டைகளை அனுப்பிவிட்டேன். இருநூற்றுப் பதினான்கும் இருக்கின்றன.

வருவதாகச் சொன்னவர்களுக்குப் பச்சை, முடியாதென்றவர்களுக்குச் சிவப்பு. அதுதான் நான் பெருமையடித்துக்கொண்ட ஏற்பாடு. பரணியின் வரி சிவப்பாகவே இருப்பதைத் தேர்வுக்கு முன் பார்த்தேன். நீங்கள் ஆள் பிடித்திருப்பீர்கள், பெயர் மாற்ற நேரம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. வாரம் ஐந்து நாள் அடுத்தவர் செய்த மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

பரணி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா குப்பம்மா மீன் கூடையை அப்போதுதான் இறக்கியிருந்தார். "இன்னா பெரிய கம்ப்யூட்டரு? எம் பொண்ணுக்கு அங்க ஆளு இல்ல. அத்தச் சொல்ல அதுக்கு ஒரு வாய் இல்லியா?" என்றார். பரணிதான், "வுடும்மா, அவங்களுக்கு டீ போடு" என்றாள். விட்டுப்போனது ஒரே தாள் என்பதால் ஜூலை பத்தாம் தேதி மறுதேர்வு எழுதலாமாம். நானே எழுதுகிறேன் என்றேன். பட்டம் வாங்கியவர்கள் எழுதக்கூடாதாம்.

நேற்று முழுக்க பூத்தில் உட்கார்ந்தேன். லேப்டாப் திரையை அணைத்துவிட்டு, பேசும் மென்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு நம் பட்டியலைக் கேட்டேன். அக்கா, அது என் பட்டியலே இல்லை! நான் பூசிய ஒரு நிறம்கூட அதில் இல்லை. போன் எண்களை இத்தனை கோடி, இத்தனை லட்சம் என்று தொகையாகப் படித்தது. எது மாணவர், எது எழுதுபவர் என்று பத்தாவது வரியில் எனக்கே குழம்பிவிட்டது. அண்ணன், "இன்னாம்மா, கண்ணக் கட்டி வுட்டாப்ல கீதா?" என்றார். பிறகு எனக்கு வழி பிடிபட்டது. சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றினோம். நிறம் கிடையாது. ஒவ்வொரு வரியும் 'ஆள் உண்டு' அல்லது 'ஆள் இல்லை' என்று ஆரம்பிக்கும். ஆள் இல்லாத வரிகள் மேலே ஏறி நிற்கும். வரமாட்டேன் என்றவர் பெயர் அங்கே இருக்காது. அண்ணன் "இன்னொரு தபா போடு, இன்னொரு தபா போடு" என்று நாலு முறை கேட்டார். வந்த போன்களைக்கூட எடுக்கவில்லை.

நீங்கள் திறப்பீர்களா என்று தெரியாது. புதுப் பெயர்களைத் தொடர்ந்து சேர்த்துக்கொண்டிருப்பேன்.

சரிதா


மதுரை
12 ஜூலை 2009

அன்பு சரிதா,

அட்டைகள் மே மாதமே வந்தன. பதில் போடாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. பெயர் இருக்கிறதே என்ற தைரியத்தில் இந்த வருடம் நான் யாருக்கும் போன் செய்யவில்லை. செய்திருந்தால் ஸ்ரீரங்கன் முந்தின நாளே சொல்லியிருப்பான். இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள இரண்டு மாதம் ஆனது.

பரணிக்காக அட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். பதினேழு பேரிடம் பேசினேன். பாதிப் பேர் ஊரிலேயே இல்லை, சில எண்களே மாறிவிட்டன. ஜூன் கடைசியில், வேறு வழியில்லாமல், உன் பட்டியலை இறக்கினேன். "ஆள் இல்லை. பரணி. வரலாறு. ஜூலை பத்து." முதல் வரியே அதுதான். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். கீழே கேட்டுக்கொண்டே போனால், துர்கா, அனகாபுத்தூர், பிளஸ் டூ. என் அட்டைகளில் இல்லாத பெண். நீ அதற்கு முந்தின வாரம் சேர்த்தவள்!

"எழுதறேன்க்கா, ஆனா என் கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும்" என்றாள். திருத்துகிறவர் பாடு என்றேன். பத்தாம் தேதி காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் அவளுக்குப் போன் செய்தேன். எட்டரைக்கு அவளே கூப்பிட்டு, "அக்கா, பஸ்ல ஏறிட்டேன், வையுங்க" என்றாள்.

மத்தியானம் பரணி பேசினாள். பேசினாள் என்றா சொல்வது, கத்தினாள். "ஆறு அடிஷனல் ஷீட் வாங்கினோம்க்கா! நான் நிறுத்தவே இல்ல. துர்கா கையை உதறிக்கினே எழுதினா!" பின்னால் குப்பம்மா, அக்காவ வூட்டுக்கு வரச் சொல்லு என்று சொல்வது கேட்டது. என்னையா, உன்னையா என்று தெரியவில்லை. நீ போய்விட்டு வா.

இங்கே மதுரையில் எழுத வருவதாக முப்பத்தொரு பேர் சொல்லியிருக்கிறார்கள். பட்டியலில் அவர்களுக்கு இடம் ஒதுக்கு. பெயர்களை நீ சேர்க்காதே, நான் சேர்க்கிறேன். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பிப்பேன். அந்த நேரத்தில் நீயும் அங்கே திறந்து வைத்துக்கொண்டு உட்கார். மீட்டிங் என்று சொன்னால் கொன்றுவிடுவேன்.

உன்
அபிதா அக்கா