ஒட்டியவன் கிழிக்காத சீட்டு

ஏப்ரல் 3, காலை 8.10. மாத்திரை எட்டு.

அக்காவுக்கு,

வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம், எட்டு டி வைட்டமின் மாத்திரை. தொடங்கும்போது உன் ரத்தத்தில் அளவு ஒன்பது. இன்று பதினொன்று. குறைந்தது முப்பதுக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் பரிசோதனைக் கூடத்துக் கருவியில் கோளாறோ என்று உன் ரத்தத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். கருவி சரியாக இருக்கிறது. அப்படியென்றால் நீ மாத்திரையைச் சாப்பிடவில்லை. சின்ன வயதில் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தவள்தானே நீ.

பயந்துபோய், விட்டதையெல்லாம் ஒரே நாளில் விழுங்கிவிடாதே. இது கொழுப்பில் கரைகிற வகை. மிஞ்சினால் சிறுநீரோடு போகாது. உடம்பிலேயே தங்கி நஞ்சாகும்.

மாதக் கடைசிக்குள் தொடையில் பலம் வந்து பழையபடி நின்று வேலை செய்யாவிட்டால் துணி வெட்டும் மேசை வேறு ஆளுக்கு என்று உங்கள் மேற்பார்வையாளர் சொல்லியிருப்பதாக நீயே எழுதினாய். வேலை போன பிறகு என்னிடம் அழாதே. உண்மையை எழுது.

தம்பி


ஏப்ரல் 9

மீட்டர் தம்பிக்கு,

நலம். உன் நலம் கேட்கவில்லை, கருவி நன்றாக இருக்கிறது என்று நீயே எழுதிவிட்டாய்.

காலி அட்டை எட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எண்ணிக்கொள். ஞாயிறுதோறும் காலையில், பால் இல்லாத தேநீரோடு விழுங்கினேன். உன் மாமா சாட்சி. அவர் சிரிக்கிறார்: "உன் தம்பி நீதிபதியாகப் போயிருக்கணும். விசாரிக்காமலேயே தீர்ப்பு சொல்றான்."

சாப்பாட்டிலும் குறை வைக்கவில்லை. வேகவைத்த காய், வறட்டு ரொட்டி. பித்தப்பையில் கல் என்றதும், "எண்ணெய், நெய், வெண்ணெய், முட்டை கூடாது" என்று எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டுப் போனாயே, அந்தச் சீட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. "ஒட்டினவன்தான் கிழிக்கணும், வேற யாரும் தொடக்கூடாது" என்றும் சொன்னாய். பித்தப்பையையே எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. நான் தொடவில்லை. எண்ணெய்க் குப்பியைக் கண்டால் கும்பிடு போட்டு ஒதுங்குகிறேன் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

நேற்று கீழே விழுந்த கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பெண்கள் தூக்கிவிட்டார்கள். மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனிமேல் ரத்தம் கொடுக்க மாட்டேன். பொய்க்காரியின் ரத்தம் உனக்கு எதற்கு. பதில் போட வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 15, பகல் 1.25. காலி அட்டை எட்டு.

அக்காவுக்கு,

வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் கருவி பழுதானால் "தொடாதே" என்று சீட்டு ஒட்டுவோம். ஒட்டியவன் தேதி போட வேண்டும், சரியானதும் அவனே கிழிக்க வேண்டும். உன் சமையலறையில் ஒட்டியதில் நான் தேதி போடவில்லை. அறுவை சிகிச்சையோடு அதன் வேலை முடிந்தது. இரண்டு வாரம் கழித்துக் கிழித்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

டி வைட்டமின் தனியாக நடந்து போகாது. சாப்பாட்டில் இருக்கும் கொழுப்பைப் பித்தநீர் பொடிப்பொடியாக உடைக்கும். அந்தத் துளிகளில் ஏறித்தான் குடல் சுவரைத் தாண்டும். பித்தப்பை போனாலும் ஈரலிலிருந்து பித்தநீர் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். நீ வெறும் தேநீர் கொடுத்தாய். வண்டியே வராத நிறுத்தத்தில் எட்டு வாரமாக ஆளை இறக்கிவிட்டிருக்கிறோம். ஏதோ கொஞ்சம் சேர்ந்தது, மற்றது வீண். கொழுப்பில் கரைவது என்று என் கையாலேயே எழுதிவிட்டு, உன்னைப் பொய்க்காரி என்றேன்.

மாதக் கடைசிக்குள் தொடைக்குப் பலம் திரும்பாது. அதை மறைக்க மாட்டேன். ஆகவே செய்யப்போவது:

1. நாளைக் காலை உன் மருத்துவரிடம் தொலைபேசியில் எல்லாம் சொல்லி, அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்பேன். நானாக எதையும் கூட்டமாட்டேன்.

2. இரண்டு மாதம் உட்கார்ந்து செய்யும் வேலை தரலாம் என்று அவரிடமே சான்று வாங்குவேன்.

3. சனிக்கிழமை உங்கள் மேற்பார்வையாளரை நேரில் பார்த்து அதைக் கொடுப்பேன். தவறு யாருடையது என்றும் சொல்வேன்.

4. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு உன் வீட்டுக்கு வருவேன். கதவு திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்திருப்பேன். திரும்பிப் போகப் பேருந்து மாலையில்தான்.

5. திறந்தால், சீட்டைக் கிழிப்பேன். எண்ணெய் விட்டு முட்டை பொரித்துத் தருவேன். அதைச் சாப்பிட்ட பிறகு மாத்திரை.

6. ரத்தம் எடுக்கும் ஊசியைக் கொண்டு வர மாட்டேன்.

தம்பி