உயிருடன் இருப்போர்: இருவர்

ஆயுத பூஜை, காலை 8:10
நிலவு, தென்முனை நிலையம். எழுதுபவர்: இசக்கியம்மாள், பொறியாளர். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. பூமியிலிருந்து கலம் வர ஐந்து வாரம் ஆகும். இருக்கிற காற்று ஒருத்திக்குப் போதும். தங்கப்பழம் அண்ணாச்சி வெளியே வேலை செய்யும்போது உடை கிழிந்து இறந்தபிறகு இங்கே நான் ஒருத்திதான்.

போன வருடம் பூஜை போட்டது அவர். இன்று நானே துளையிடும் எந்திரத்துக்கும் ஸ்பானர்களுக்கும் பொட்டு வைத்தேன். ஆயுதங்களுக்கு இன்று ஓய்வு. இரண்டு வருடமாக அணையாமல் உழைக்கும் முதன்மைக் கணினி மட்டும் என்ன பாவம் செய்தது? அதையும் அணைத்துக் குங்குமம் வைத்தேன்.

காலை 9:05
கணினியை மறுபடி போட்டேன். திரையில்: "உயிருடன் இருப்போர்: இருவர்."

அடக் கடவுளே! அண்ணாச்சி அறையில் விளக்கு எரிகிறது. காற்றாடி சுற்றுகிறது. அவர் என்றோ பதிந்து வைத்த காலைச் செய்தி ஒலிக்கிறது: "ஏ தாயி, எந்திச்சிட்டியா? ரெண்டு டீ போடு, வாறேன்."

உடனே ரெஜினாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

மதியம் 1:30
பூமிக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து ரெஜினா:
"பேயும் இல்ல, பிசாசும் இல்ல இசக்கி. கணினி ஆன் ஆகும்போது உள்ள ஏகப்பட்ட நிரல்கள் ஒண்ணா எந்திரிக்கும். எது முந்தும்னு சொல்ல முடியாது. பட்டியலப் புதுப்பிக்கிறது முந்தினா சரியா வரும். ஆள் எண்ணுறது முந்தினா பழைய பட்டியலயே எண்ணிடும். அதான் ஒரு தடவ ஒரு மாதிரி, இன்னொரு தடவ வேற மாதிரி. இங்கேருந்து திருத்த முடியல. ஆளில்லாத அறையிலயும் காத்த மாத்திக்கிட்டே இருக்கு, ரெண்டு பேர் காத்து செலவாகுது, கலம் வர்றவரைக்கும் தாங்காது. கணினிய அணைச்சுட்டு மறுபடி போடுங்க."

விஜயதசமி, காலை 7:00
அணைக்கவில்லை. இன்றும் அந்தக் குரல் கேட்டது. முட்டாள்தனம்தான். இரண்டு டீ போட்டேன்.

காலை 11:20
ரெஜினா: "இன்னுமா அணைக்கல? கிறுக்கா உங்களுக்கு? அவர் போயிட்டார் இசக்கி."

அழுதேன். கணினியை அணைத்து மறுபடி போட்டேன். "உயிருடன் இருப்போர்: எவருமில்லை." எல்லாக் காற்றாடிகளும் நின்றன. கதவுகள் பூட்டிக்கொள்ளும் முன் ஓடிப்போய் மின் அறையில் மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். மறுபடி இருவர். மறுபடி தட்டினேன்.

காலை 11:48
"உயிருடன் இருப்போர்: ஒருவர்."

அப்பாடா என்று என் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். பிறகுதான் பெயர்களைப் பார்த்தேன். தங்கப்பழம்: நலம். இசக்கியம்மாள்: இறந்தார்.

இறப்புக் குறி எந்தப் பெயர் முந்தி வந்ததோ அதன்மேல் ஏறிவிட்டது. என் கைரேகையைக் கணினி ஏற்கவில்லை. மின் அறைக் கதவும் திறக்கவில்லை. ரெஜினாவுக்கு எழுதிய செய்தியும் போகவில்லை. இறந்தவளுக்கு எதற்கும் அனுமதி கிடையாதாம்.

மதியம் 12:40
ஆளில்லாத பகுதி என்று கணினி என் பக்கத்துக் காற்றைச் சேமிப்புத் தொட்டிக்கு இழுக்கிறது. காது அடைக்கிறது. கண்ணாடி வழியே அவர் அறை தெரிகிறது: விளக்கு, காற்றாடி, அதில் அசையும் போர்வை. அந்தக் கதவு இப்போது அவர் கைக்கு மட்டுமே திறக்கும். ஸ்பானரால் அடித்துப் பார்த்தேன். கீறல்கூட விழவில்லை.

மதியம் 1
உள்ளே யாருமில்லை. எது முந்தியது, அவ்வளவுதான் விஷயம். எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

ஆனாலும் தட்டிக்கொண்டே இருக்கிறேன்.

அண்ணாச்சி, கதவத் தொறங்க. நான்தான் இசக்கி. அண்ணாச்