பதிலுக்கு நாலு ஆவர்த்தனம்

ஹார்லெம், 1938

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை.

சனிக்கிழமை ஜாஸ் மேடையில் ஒரு வேடிக்கை. நான் சொல்லே இல்லாமல் நாலு ஆவர்த்தனம் பாடினால், லூஷியஸ் டிரம்பெட்டில் நாலு ஆவர்த்தனம் பதில் ஊத வேண்டும். அன்று அவர் பதிலாக ஊத நினைத்திருந்ததையே, அதே குழைவோடு, நான் முந்திப் பாடிவிட்டேன். அவர் ஊதாமல் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன்.

இறங்கியதும், "ஒரு மேடைக்கு ரெண்டு டிரம்பெட் எதுக்கு, ஒடீலியா? இனிமே வராதே" என்றார் குழுத் தலைவர். மற்ற இடங்களில் சொல் வைத்துப் பாடுகிறவர்கள்தான் வேண்டுமாம்.

கொஞ்சம் மிளகாய் வற்றல் அனுப்புங்கள், இங்கே சாப்பாடு சப்பென்று இருக்கிறது. அறையில் நாலு ஆவர்த்தனம் பாடிவிட்டு, பழக்கதோஷத்தில் காத்திருக்கிறேன்.

தபால்காரர் வந்துவிட்டார். பதில் போடுங்கள் அம்மா, வெறும் காகிதமானாலும் சரி.

ஒடீலியா