கல்லைப் படிக்கப் போகிறாள்

கோபித்துக்கொண்டு தம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கும் என் மகராசருக்கு,

நம் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது!

மார்க் குறைந்ததும், நான் செல்லம் கொடுத்துக் கெடுத்தேன் என்று கத்திவிட்டு நீங்கள் போனீர்கள். அவள் போர்வைக்குள் போனாள். பல்கலைக்கழகத்தில் காலி இடம் கேட்டு, தையல் மெஷினை மிதித்துக்கொண்டே நான்தான் விடாமல் போன் அடித்தேன். கடைசியில் ஓர் அம்மா எடுத்தார். "பாறைகளைப் பத்தின படிப்புல ஒரே ஒரு இடம் இருக்கு. பொண்ணு பேசணுமே" என்றார். போர்வை அசையவில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? "பருப்புல கல் பொறுக்கத் தெரியாது, இவளுக்கு எதுக்குங்க கல்லுப் படிப்பு?" என்றேன்.

போர்வை பறந்தது. "ஒண்ணும் தெரியாமப் பேசாதம்மா! நம்ம வாசப்படிக் கல்லு ஒரு காலத்துல கடலுக்கு அடியில கிடந்தது. அதுல சிப்பி அச்சு இருக்கு, வந்து பாரு!" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

போனில் சிரிப்புச் சத்தம். "மார்க் கிடக்கட்டும்மா. இடம் உனக்குத்தான்."

திங்கட்கிழமை கிளம்புகிறாள். பெட்டியை நான் தூக்கிவிடுவேன். பஸ் நகரும்போது அழ நீங்கள்தான் வேண்டும், எனக்கு அது வராது.

இப்படிக்கு,
அவளும் போய்விட்டால் வம்புக்கு இழுக்க உங்களை விட்டால் ஆளில்லாதவள்