கட்டிலடியில் சாம்பிராணி

பாபிகருக்கு சலாம். நீங்களும் நம் மகள் ரிஹாபும் ஊரில் சுகம்தானே? இங்கே சவூதியில், தாயிஃபில், நான் சுகம்.

நேற்று என் நர்ஸ் டியூட்டியில், குழந்தைகள் வார்டில் சின்னச் சண்டை. ஆஸ்துமாவில் திணறும் மகனின் கட்டிலடியில், கண்ணேறு கழிய ஒருத்தி சாம்பிராணி போட்டாள். தண்ணீர் ஊற்றி அணைத்தேன்.

“உன் கொள்ளிக்கண்ணுதான்டி பட்டுச்சு! நீ பெத்திருந்தால்ல தெரியும்?” என்று கத்தினாள்.

“பெத்தவளே புள்ளையக் கொல்லாத. வெளிய போ!” என்றேன்.

மேட்ரன் என்னிடம்தான் விளக்கம் கேட்கிறார். பெரிய விஷயமில்லை.

குழம்புக்கு நம்மூர் வெண்டைக்காய்ப் பொடி அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட வேறெதுவும் இறங்கவில்லை.

எனக்குக் கண்ணேறு கழிய என்று என் பெயரைச் சொல்லி, ரிஹாப் இருக்கும் உங்கள் அக்கா வீட்டில் சாம்பிராணி போடக் கூடாது. போனில் ரிஹாபின் மூச்சிலும் அதே இழுப்பு கேட்டது. நீங்கள் வாய் திறக்காவிட்டால் யார் திறப்பது? வேலைக்கு நேரமாகிறது. அவள் கட்டிலடியில் தண்ணீர் ஊற்ற நான் அங்கே இல்லை.

இக்லாஸ்